தேர்தலில் ஜெயித்த கடைசி ராஜா: வாசகர் கேள்விகள்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "போலந்தில் ராஜாவையே தேர்தல் வைத்துத்தான் எடுத்தார்கள்; 1764-இல் கடைசியாக ஜெயித்தவர் ஸ்டானிஸ்லாவ் ஆகஸ்ட் பொனியடோவ்ஸ்கி; அவர் முடி துறந்தபோது ஆளுவதற்கு நாடே மிச்சம் இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த மூன்று வரிக்கு வந்த கடிதங்கள் மேஜை கொள்ளவில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்கப் போலந்து. சினிமா, சமையல், கிரகப் பெயர்ச்சி பற்றிக் கேட்டவர்கள் இரண்டு வாரம் பொறுத்தருள வேண்டும்.

ராஜாவுக்குத் தேர்தல் என்றால் யார் ஓட்டுப் போடுவார்கள்? பெட்டி வைப்பார்களா?
– தென்காசி வாசகர்

பெட்டியும் இல்லை, சீட்டும் இல்லை. குதிரையும் வாளும் உண்டு.

1572-இல் யாகெல்லோன் வம்சத்தின் கடைசி ராஜா வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்த ஆண்டு பிரபுக்கள் கூடி, இனி ராஜாவை நாமே தேர்ந்தெடுப்போம் என்று முடிவு கட்டினார்கள். 'ஷ்லாஹ்தா' என்று அழைக்கப்பட்ட பிரபு வகுப்பில் பிறந்த ஆண் எவனும் நேரில் வந்து வாக்களிக்கலாம். ஒரே ஒரு வயல் வைத்திருந்தவனுக்கும் நூறு கிராமம் வைத்திருந்தவனுக்கும் ஒரே ஓட்டு. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நடப்பில், நூறு கிராமத்துக்காரர்தான் ஒற்றை வயல்காரனுக்குச் சாப்பாடு போட்டு, வழிச்செலவு கொடுத்து, வார்சாவுக்கு அழைத்து வருவார்.

வார்சாவுக்கு மேற்கே வோலா என்ற கிராமத்து வெளியில் அகழி வெட்டி, நடுவில் செனட்டர்களுக்கு ஒரு மரக்கொட்டகை போடுவார்கள். சுற்றிலும் மாகாணம் மாகாணமாகப் பிரபுக்கள் குதிரையில் நிற்பார்கள். ராஜா இல்லாத இடைக்காலத்தில் க்னியெஸ்னோ பேராயர்தான் பொறுப்பு. வேட்பாளர்கள் களத்துக்கு வருவதில்லை; அவர்கள் சார்பாகத் தூதர்கள் பேசுவார்கள், வாக்குறுதிகளை அள்ளி வீசுவார்கள். ஜெயித்தவர் ஒரு நிபந்தனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிரீடம்.

முதலில் ஜெயித்தவர் பிரெஞ்சு இளவரசர் ஹென்றி. 1574-இல் முடிசூடி சில மாதங்களிலேயே, பிரான்ஸில் அண்ணன் இறந்த செய்தி வர, ராத்திரியோடு ராத்திரியாக அரண்மனையிலிருந்து ஓடிப்போய் அங்கே ராஜாவாகிவிட்டார்! அப்படியும் போலந்துக்காரர்கள் தேர்தலை விடவில்லை. 1573 முதல் 1764 வரை பதினொரு ராஜாக்கள். விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஓட்டு இல்லை. சில பெரிய நகரங்கள் நீங்கலாக நகரத்தாருக்கும் இல்லை. மொத்த ஜனத்தொகையில் ஷ்லாஹ்தா பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பாவில் அதுவே மிக அதிகம்.

பொனியடோவ்ஸ்கி குடும்பம் பரம்பரை ராஜ குடும்பமா?
– கும்பகோணம் வாசகி

இல்லை அம்மா. தாத்தா காலத்தில் அந்தப் பெயரை வெளியூரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். லுப்ளின் பக்கத்தில் பொனியடோவா என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்ட நடுத்தரப் பிரபுக்கள். குலச்சின்னம் ஒரு காளைக் கன்று. பிற்காலத்தில் ராஜாவைப் பிடிக்காதவர்கள் கன்றுக்குட்டி என்றே அவரை வசைபாடினார்கள். பதவி வந்த பிறகு குடும்பம் தன் பூர்வீகத்தை இத்தாலியில் டொரெல்லி என்ற பெரிய வம்சத்தில் கொண்டுபோய் ஒட்டவைத்தது. நாற்காலி கிடைத்ததும் தாமிரப் பட்டயம் கண்டெடுக்கப்படுவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் ராஜாவின் அப்பா. அவர் பெயரும் ஸ்டானிஸ்லாவ்தான். என்னைக் கேட்டால் மகனைவிட அப்பாவின் கதைதான் சாகசக் கதை. 1676-இல் பிறந்தவர். ஸ்வீடன் ராஜா பன்னிரண்டாம் சார்லஸிடம் சேர்ந்தார். 1709-இல் பொல்டாவாவில் ரஷ்யர்களிடம் சார்லஸ் நொறுங்கித் தோற்றபோது, காயம்பட்ட ராஜாவை எதிரி கையில் சிக்காமல் ஆற்றைத் தாண்டித் துருக்கி மண்ணில் சேர்க்க உதவியவர்களில் முக்கியமானவர் இவர். பிறகு கான்ஸ்டான்டிநோபிளில் உட்கார்ந்து, சுல்தானை ரஷ்யாவின் மேல் ஏவிவிடும் வேலை. வால்டேர் சார்லஸின் வரலாற்றை எழுதியபோது இவரைப் புகழ்ந்திருக்கிறார்.

சார்லஸ் செத்ததும், பழைய எதிரியான போலந்து ராஜா இரண்டாம் ஆகஸ்டோடு சமாதானம் செய்துகொண்டார். 1720-இல் கல்யாணம். பெண் கொன்ஸ்டான்ட்ஸியா சர்தோரிஸ்கா. லித்துவேனியாவை ஆண்ட கெடிமினாஸின் வழிவந்த கோமகன் குடும்பம். அப்போது சர்தோரிஸ்கிகளுக்கு வம்சப் பெருமை நிறைய, கையில் காசு அவ்வளவு இல்லை. அண்ணன்மார் இருவர்: மிகாவ், ஆகஸ்ட். 1731-இல் ஆகஸ்ட், போலந்தின் பெரும்பணக்கார விதவைகளில் ஒருவரைக் கட்டிக்கொண்டார். அந்தக் குறையும் தீர்ந்தது. மச்சான்கள் இருவர், மாப்பிள்ளை ஒருவர் என்று சேர்ந்த இந்தக் கூட்டணிக்கு நாடு வைத்த பெயர் 'ஃபமீலியா'. குடும்பமே கட்சி, கட்சியே குடும்பம். நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்பா 1752-இல் கிராக்கோவ் கோட்டைத் தலைவர் ஆனார். மதகுருமார் அல்லாத செனட்டர்களில் அதுதான் முதல் இருக்கை. சாதாரணப் பிரபு ஒருவர் ஏறக்கூடிய உயரத்தின் உச்சி அது. அதற்கு மேல் இருந்தது கிரீடம் மட்டும். அதைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1762-இல் இறந்தார்.

காதலியின் தயவில் ராஜா ஆனவர் என்கிறார்களே. உண்மையா, கிசுகிசுவா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய மதுரைக்காரர்

கல்வெட்டில் பொறிக்காததுதான் பாக்கி, அவ்வளவு உண்மை.

மகன் 1732 ஜனவரி 17-இல் வோவ்ச்சின் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது பெலாரஸில் இருக்கிறது. ஐந்தாறு மொழி, நல்ல படிப்பு. பாரிஸ் சென்றபோது மதாம் ஜியோஃப்ரான் என்ற அறிவாளி அம்மையாரின் வீட்டில் அறிமுகம். அவரை அம்மா என்றே அழைப்பார். 1755-இல் ஆங்கிலேயத் தூதர் ஹான்பரி வில்லியம்ஸின் செயலாளராக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே பட்டத்து இளவரசர் பீட்டரின் மனைவி கேத்தரின். இவருக்கு வயது 23, அவளுக்கு 26. அந்தக் குளிர்காலத்திலேயே காதல். 1757 டிசம்பரில் கேத்தரினுக்குப் பிறந்த பெண் குழந்தை அன்னா இவருடையது என்பதே பரவலான கருத்து. குழந்தை இரண்டு வயது நிரம்பும் முன் இறந்துவிட்டது.

1758-இல் ஒரு நாள் அதிகாலை, மாறுவேடத்தில் வந்த பொனியடோவ்ஸ்கியைக் கணவர் பீட்டரின் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். கத்தி பாய்ந்திருக்க வேண்டிய இடம். பீட்டருக்கும் ஒரு காதலி இருந்ததால், விஷயம் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதில் முடிந்தது. சொன்னது நான் அல்ல. பிற்பாடு ராஜாவே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்தது. ஆனாலும் அந்த ஆண்டே ரஷ்யாவை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

1762-இல் கேத்தரின் கணவனைக் கவிழ்த்துப் பேரரசி ஆனாள். இவர் வார்சாவில் கல்யாணக் கனவோடு காத்திருக்கிறார். அவள் எழுதிய கடிதத்தின் சாரம் இது: இங்கே வர அவசரப்படாதீர்கள், உங்களை அங்கே ராஜா ஆக்க ஆள் அனுப்புகிறேன். அதற்குள் அவள் பக்கத்தில் ஒர்லோவ் என்ற வேறொருவர் இருந்தார். கணவன் ஆகக் கேட்டவருக்குக் கிடைத்தது கிரீடம். பிடிவாதமாக அவர் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார்; பதில் மாறவில்லை.

கேத்தரின் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தாள்? பழைய பாசம் என்று எழுதுகிறவர்கள் அவளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பெரிய சொத்தோ சொந்தப் படையோ இல்லாத, தன்னையே நம்பியிருக்க வேண்டிய ஓர் ஆள் அவளுக்கு வேண்டும். பிரஷ்யாவின் ஃபிரெடரிக்கும் அதற்குத் தலையாட்டினார்.

1764 தேர்தல் நேர்மையாக நடந்ததா?
– சேலம் வாசகர்

ரஷ்யப் படை நாட்டுக்குள் நிற்க நடந்த தேர்தல். நீங்களே முடிவு செய்யுங்கள்.

செப்டம்பர் 7 அன்று வோலாவில் சுமார் 5,500 பேர் ஏகமனதாக வாக்களித்தார்கள். ஏகமனது என்றாலே எனக்குச் சந்தேகம். எதிர்த்தவர்கள் அந்த வெளியிலேயே இல்லை. எதிரணியின் தலைவர் யார் தெரியுமா? படைத்தலைவர் யான் கிளெமென்ஸ் பிரானிட்ஸ்கி. எழுபத்தைந்தை நெருங்கும் வயது. பொனியடோவ்ஸ்கியின் சொந்த அக்கா இசபெல்லாவின் கணவர்! ஆக, நாட்டின் கிரீடத்துக்கு அத்திம்பேருக்கும் மைத்துனருக்கும் போட்டி. ரஷ்யப் படை துரத்த, கிழவர் ஹங்கேரிப் பக்கம் ஒதுங்கினார். பிற்பாடு ஊர் திரும்பி தன் அரண்மனையிலேயே காலம் கழித்தார். அக்கா பாடு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மாமாக்கள் இருவருக்கும்கூட உள்ளூர வருத்தம். ஆகஸ்ட் சர்தோரிஸ்கி தன் மகன் ஆதாமைத்தான் அரியணையில் பார்க்க நினைத்தவர். ஆதாமுக்கோ புத்தகமே போதும். தங்கை மகன் ராஜா ஆனதை மாமாக்கள் கடைசிவரை முழுமனதாக ஏற்கவில்லை. தாங்கள் சொல்கிறபடி நடப்பான் என்று எதிர்பார்த்தார்கள், அவர் நடக்கவில்லை.

முடிசூட்டு விழா நவம்பர் 25-இல். வழக்கப்படி கிராக்கோவில் அல்ல, வார்சாவில். அந்தத் தேதி புனித கேத்தரின் திருநாள். ரஷ்யப் பேரரசியின் பெயர்நாள். யாருக்கு நன்றி சொல்லப்படுகிறது என்பது வந்திருந்த எல்லாருக்கும் விளங்கியது. பழைய போலந்துப் பிரபுக்களின் நீள அங்கியை அவர் போடவில்லை. தலையை மழிக்கவும் மறுத்து, மேற்கத்திய உடையில் வந்தார். மீசைக்காரப் பிரபுக்கள் பலருக்கு, ரஷ்யப் படையைவிட இந்தச் சட்டைதான் அதிகம் உறுத்தியது.

ராஜாவைக் கடத்தினார்களாமே?
– எட்டாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்

கடத்தினார்கள் தம்பி. கடத்தல்காரர்களின் சாமர்த்தியத்தை மட்டும் ரொம்ப எதிர்பார்க்காதே.

1768-இல் ரஷ்யத் தலையீட்டை எதிர்த்து ஒரு பகுதிப் பிரபுக்கள் பார் என்ற ஊரில் கூட்டமைப்பு தொடங்கிக் கலகத்தில் இறங்கினார்கள். ராஜாவை ராஜாவாகவே ஏற்க மாட்டோம் என்றார்கள். 1771 நவம்பர் 3 இரவு. ராஜா தன் மாமா மிகாவ் சர்தோரிஸ்கியின் மாளிகையிலிருந்து வண்டியில் திரும்புகிறார். வார்சாவின் நடுத்தெருவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வளைத்துக்கொண்டார்கள். காவலுக்கு வந்த பலர் ஓட்டம். புட்ஸாவ் என்ற பணியாள் மட்டும் குறுக்கே நின்று உயிரை விட்டான். ராஜாவின் தலையில் வாள்வெட்டு. குதிரையில் ஏற்றி ஊருக்கு வெளியே இழுத்துப் போனார்கள்.

இருட்டில் வழி தப்பியது. குதிரை விழுந்தது. ராஜாவின் காலணி ஒன்று சேற்றோடு போனது. ரஷ்ய ரோந்துச் சத்தம் கேட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியவன் குஸ்மா என்ற ஒரே ஒருவன். அவனிடம் ராஜா பேசத் தொடங்கினார். வாயைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. பேசிப் பேசியே அவனைக் கரைத்து, தன் பக்கம் திருப்பி, மரிமோன்ட் பக்கத்து மாவு மில் ஒன்றில் தங்கி, காவல்படைக்குச் சீட்டு அனுப்பி, விடிவதற்குள் அரண்மனை திரும்பினார்.

மற்ற இருவருக்கு மரண தண்டனை. குஸ்மாவின் உயிரை ராஜா காப்பாற்றி, உதவித்தொகையோடு இத்தாலிக்கு அனுப்பினார். கலகத் தலைவர்களில் ஒருவரான கசிமிர் புவாஸ்கிக்கு ராஜகொலை முயற்சி என்ற பழி. நாட்டைவிட்டுப் போய், அமெரிக்க விடுதலைப் போரில் குதிரைப்படை நடத்தி 1779-இல் சவானாவில் இறந்தார். அமெரிக்கர்களுக்கு அவர் பெரிய வீரர். ஐரோப்பாவிலோ, ராஜாவையே கடத்துகிற நாடு எப்படி உருப்படும் என்று பேச்சு. பக்கத்து நாடுகளுக்கு அந்தப் பேச்சு வசதியாகப் போயிற்று. 1772-இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தில் ஏறக்குறைய முப்பது சதவீத நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

விருந்து வைத்து ஓவியம் வாங்கியதைத் தவிர அவர் உருப்படியாக என்ன செய்தார்?
– கோபமான வாசகர், ஈரோடு

விருந்தையே எடுத்துக்கொள்வோம். வியாழக்கிழமை மதிய விருந்து என்று பெயர். கவிஞர்கள், விஞ்ஞானிகள், பாதிரியார்கள், வரலாற்று ஆசிரியர்கள் வருவார்கள், எழுதியதை வாசிப்பார்கள், சண்டை போடுவார்கள். 1765-இல் படைப்பள்ளி ஒன்று தொடங்கினார். அங்கே படித்து வெளியே வந்தவர்தான் பின்னால் ரஷ்யாவை எதிர்த்து நின்ற கொஷ்சியுஷ்கோ. அதே ஆண்டில் தேசிய நாடக மேடை. 1773-இல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தபோது, சபைக்கு இருந்த சொத்துகளைக் கொண்டு தேசியக் கல்வி ஆணையம். ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் என்று அதைச் சொல்கிறார்கள். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்த அதிர்ச்சியில் இருக்கும் நாடு, அடுத்த ஆண்டே பள்ளிக்கூடப் பாடத்திட்டம் போடுகிறது. இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

ஓவியம் வீண்செலவு என்கிறீர்கள். பெர்னார்டோ பெல்லோட்டோ என்ற இத்தாலிய ஓவியரைப் பிடித்து வார்சாவின் தெருக்களையும் மாளிகைகளையும் ஒன்றுவிடாமல் வரைய வைத்தார். ஜன்னல், தூண், கூரை ஓடுவரை அளவு தப்பாத ஓவியங்கள். இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் வார்சாவைத் தரைமட்டமாக்கினார்கள். போர் முடிந்து பழைய நகரத்தைத் திரும்பக் கட்டியபோது, பொறியாளர்கள் முன்னால் விரித்து வைத்த ஆதாரங்களில் இந்த ஓவியங்களும் உண்டு.

இன்னொன்று. 1790-இல் லண்டன் ஓவிய வியாபாரிகள் டெசன்ஃபான்ஸ், பூர்ஷ்வா இருவரிடம், போலந்துக்கு ஒரு தேசிய ஓவியத் தொகுப்பு வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் ஐந்து ஆண்டு தேடி வாங்கினார்கள். வாங்கி முடிப்பதற்குள் ஒப்படைக்க நாடு இல்லை! அந்தத் தொகுப்பின் எச்சமும் சேர்ந்துதான் இன்று தெற்கு லண்டனில் டல்விச் ஓவியக் கூடமாக நிற்கிறது. கடன் மட்டும் ராஜாவைச் சாகும்வரை விடவில்லை. நாட்டைப் பிரித்துக்கொண்ட மூன்று அரசுகளும் அந்தக் கடனையும் கடைசியில் பங்கு போட்டுக்கொண்டன.

பேரரசியை அவர் மறுபடி சந்தித்தாரா?
– காதல் கதை விரும்பி, புதுச்சேரி

ஒரே ஒரு முறை. 1787 மே மாதம், கேத்தரின் கிரிமியாவுக்குப் படகில் போகிற வழியில், த்னீப்பர் ஆற்றங்கரையில் கானியூவ் என்ற ஊரில். ஏறக்குறைய முப்பது ஆண்டு இடைவெளி. ராஜா கரையில் மாளிகை கட்டி, வாணவேடிக்கை ஏற்பாடு செய்து காத்துக் கிடந்தார். அவள் கரை இறங்கவே இல்லை. அவர்தான் படகுக்குப் போனார். அவர் கேட்ட ராணுவ ஒப்பந்தத்துக்குப் பிடிகொடுக்கவில்லை. கூட இருந்த லீன்யே கோமகன் அடித்த கிண்டல் ஐரோப்பா முழுக்கப் பரவியது: மூன்று மாதமும் மூன்று மில்லியனும் செலவழித்து, மூன்று மணி நேரம் பேரரசியைப் பார்த்தார் என்று.

துரோகியா, துரதிர்ஷ்டசாலியா? மழுப்பாமல் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருதுநகர்

ஐயா, மழுப்பாமலே சொல்கிறேன். 1764-க்காக அவரைத் திட்டுவது அநியாயம். அவர் வராவிட்டால் ரஷ்யா இன்னொருவரைக் கொண்டுவந்திருக்கும். அந்த இன்னொருவர் பள்ளிக்கூடம் கட்டியிருப்பார் என்பது நிச்சயமில்லை. 1772-க்கும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நாடாளுமன்றமான செய்மில் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து "ஒப்பமாட்டேன்" என்றால் கூட்டத்தொடரே கலைந்துபோகும் 'லிபரம் வீட்டோ' என்ற ஏற்பாடு நூறு ஆண்டுக்கு மேலாக நாட்டை முடக்கி வைத்திருந்தது. வெளிநாட்டுத் தூதர்கள் அப்படி எழுந்திருக்க ஆள் பிடிப்பது வாடிக்கை. வரி ஏற்ற முடியாது, படை சேர்க்க முடியாது. இவர் பிறக்கும் முன்பே வந்த நோய்.

1791 மே 3-க்கு அவரை நான் எழுந்து நின்று வணங்குவேன். அன்று நிறைவேறிய அரசியல் சட்டத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். லிபரம் வீட்டோ ஒழிந்தது. நகரத்தாருக்கு உரிமை வந்தது. தன்னை அரியணை ஏற்றிய தேர்தல் முறையையே அந்தச் சட்டத்தில் அவர் ஒழித்தார்.

என் வழக்கெல்லாம் 1792-இல்தான். பழைய சுதந்திரத்தைக் காக்கிறோம் என்று சில பெரும்பிரபுக்கள் தர்கோவிட்சா என்ற ஊரின் பெயரால் கூட்டமைப்பு தொடங்கி ரஷ்யப் படையை அழைத்தார்கள். உண்மையில் அது கூடிய இடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். போலந்துப் படை எண்ணிக்கையில் ரஷ்யர்களில் பாதிகூட இல்லை. அப்படியும் ஜூன் 18-இல் ஜெலென்ட்சேயில் ராஜாவின் தம்பி மகன் யோசெஃப் ஜெயித்தார். மகிழ்ந்துபோன ராஜா வீரப்பதக்கம் ஒன்றை உருவாக்கினார். போலந்தில் இன்றும் அதுதான் மிக உயர்ந்த படை விருது. சுமார் ஐந்து வாரம் கழித்து, ஜூலையில், ராஜா தானே தர்கோவிட்சாவில் சேர்ந்துவிட்டார். பணிந்துபோனால் சட்டத்தில் பாதியையாவது காப்பாற்றலாம் என்று கணக்கு. அவருடைய அமைச்சர்களில் பெரும்பான்மையோரும், தீவிரச் சீர்திருத்தக்காரர் என்று பெயரெடுத்த கொவொன்தாய் உட்பட, அதற்குத்தான் வாக்களித்தார்கள்; இதை அவரைத் திட்டுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆனாலும் கையெழுத்து அவருடையது. களத்தில் நின்ற படை இன்னும் கலையவில்லை. யோசெஃபும் கொஷ்சியுஷ்கோவும் பதவியை விட்டெறிந்தார்கள். 1793-இல் இரண்டாவது பங்கீடு. 1794-இல் கொஷ்சியுஷ்கோவின் எழுச்சி தோற்றது. 1795-இல் மிச்சமும் போயிற்று.

குரோத்னோவில் அவர் முடி துறந்த தேதி நவம்பர் 25. முடிசூடிய அதே புனித கேத்தரின் திருநாள்.

ஆக, துரோகி இல்லை. படையின் பின்னால் நின்று தோற்றிருக்க வேண்டிய நேரத்தில் பேரம் பேசப் போனவர். கடத்தல்காரன் குஸ்மாவிடம் பலித்த பேச்சு கேத்தரினிடமும் பலிக்கும் என்று நம்பியிருக்க வேண்டும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லையா? வாரிசு?
– கோயம்புத்தூர் வாசகி

ஊரறிய இல்லை. கத்தோலிக்கப் பெண்ணைத்தான் மணப்பேன் என்று தேர்தல் சமயத்திலேயே எழுதி வாங்கிவிட்டார்கள். ரஷ்யப் பேரரசியை மணந்து இரண்டு நாட்டையும் ஒன்றாக்கிவிடுவாரோ என்ற பயம். பிற்காலத்தில் எல்ஷ்பியெத்தா கிரபோவ்ஸ்கா என்ற பெண்மணியை ரகசியமாக மணந்தார் என்று பேச்சு உண்டு. அந்த அம்மையாரின் மகன் ஸ்டானிஸ்லாவ் கிரபோவ்ஸ்கி ராஜாவின் பிள்ளை என்றே ஊர் நம்பியது. அவர் பிறகு ரஷ்யாவின் கீழ் இருந்த போலந்தில் கல்வி அமைச்சரானார். தகப்பன் திறந்த கதவுகளைச் சாத்துகிற அமைச்சர் என்று பெயர் வாங்கினார்.

1791 சட்டம் அரியணையைப் பரம்பரை ஆக்கியபோது, அதைத் தன் அண்ணன், தம்பி மகன்களுக்கு வாங்கிக்கொள்ள அவரால் முடியவில்லை. சாக்ஸனி அரச குடும்பத்துக்குப் போயிற்று. தம்பி மிகாவ் நாட்டின் தலைமைப் பேராயர். அண்ணன் கசிமிர் அரண்மனைப் பொறுப்பில். இன்னொரு தம்பி ஆன்ஜேய் ஆஸ்திரியப் படையில் தளபதி. இத்தனை பெரிய குடும்பத்தில் கிரீடம் ஒரு தலையோடு நின்றுபோனது.

அவருக்குக் கல்லறை எங்கே?
– தூத்துக்குடி வாசகர்

எங்கே எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேத்தரின் இறந்த பிறகு அவள் மகன் பால் இவரை பீட்டர்ஸ்பர்க்குக்கு அழைத்து மார்பிள் அரண்மனையில் வைத்தான். 1798 பிப்ரவரி 12-இல் இறந்தார். நெவ்ஸ்கி சாலையில் உள்ள கத்தோலிக்க ஆலயத்தில் அடக்கம். ஆலயத்தின் பெயர் புனித கேத்தரின். அந்தப் பெயர் அவரை விடாது போலிருக்கிறது.

1938-இல் சோவியத் அரசு அந்த ஆலயத்தை இடிக்கப் போவதாகச் சொல்லி, உங்கள் ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. போலந்து அரசுக்குச் சங்கடம். அன்றைய மனநிலையில் நாட்டைத் தொலைத்த ராஜாவை கிராக்கோவின் வாவெல் குன்றில் மற்ற ராஜாக்களோடு வைக்கத் துணிவில்லை. சத்தமில்லாமல் ரயிலில் கொண்டுபோய், பிறந்த ஊரான வோவ்ச்சினில், அவர் அப்பா கட்டிய ஆலயத்தில் வைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே போர். வோவ்ச்சின் சோவியத் பக்கம் போனது. ஆலயம் கிடங்கானது. கல்லறையை உடைத்துக் கொள்ளையடித்தார்கள். 1980-களின் கடைசியில் போலந்து அறிஞர்கள் போய்த் துணித் துண்டுகள், காலணித் துண்டு, கொஞ்சம் மண் என்று கிடைத்ததைச் சேகரித்து வந்தார்கள். 1995-இல் வார்சாவின் புனித ஜான் பேராலயத்தில், முடிசூடிய அதே ஆலயத்தில், முறைப்படி அடக்கம் நடந்தது. இடிப்பதாகச் சொன்ன பீட்டர்ஸ்பர்க் ஆலயம் இன்னும் நிற்கிறது.

அந்தக் குடும்பத்தில் இப்போது யாராவது இருக்கிறார்களா?
– பலர்

இருக்கிறார்கள், போலந்தில்தான் தேட வேண்டாம்.

முதலில் யோசெஃப். 1792-இல் பதவியை விட்டெறிந்த அதே தம்பி மகன். நெப்போலியன் வார்சா கோமகன் அரசை அமைத்தபோது அவர்தான் போர் அமைச்சர். 1813 அக்டோபரில் லைப்சிக் போரின் நடுவே நெப்போலியன் அவரைப் பிரான்ஸின் மார்ஷல் ஆக்கினான். மூன்று நாள் மார்ஷல். பின்வாங்கும் படைக்குக் காவலாக நின்று, உடம்பெல்லாம் காயத்தோடு எல்ஸ்டர் ஆற்றில் குதிரையை இறக்கி மூழ்கிப்போனார். 1817-இல் வாவெலில் அடக்கம் செய்தார்கள். பெரியப்பாவுக்குக் கிடைக்காத இடம். அவருக்கும் மனைவி இல்லை.

வம்சம் வளர்ந்தது அண்ணன் கசிமிரின் மகன் வழியாக. இன்னொரு ஸ்டானிஸ்லாவ், இந்தக் குடும்பத்துக்கு வேறு பெயரே கிடைக்கவில்லை. நாடு போனதும் இத்தாலியில் குடியேறினார். பழங்கால கிரேக்கச் செதுக்குக் கற்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேல் வைத்திருந்தார். 1833-இல் அவர் இறந்து, 1839-இல் லண்டனில் ஏலம் விட்டபோது குட்டு உடைந்தது. பெரும்பாலானவை சமகால இத்தாலியச் சிற்பிகள் செதுக்கி, பழைய மேதைகளின் கையெழுத்தைப் போட்டவை. இன்று அந்தப் போலிகளையே தேடிப் பிடித்துச் சேகரிக்கிறார்கள்!

அவர் மகன் யோசெஃப் மிகாவ் ஓபரா பாடகர், இசையமைப்பாளர். மூன்றாம் நெப்போலியனிடம் செனட்டர். பேரரசர் நாடு கடத்தப்பட்டபோது இங்கிலாந்துக்குக் கூடவே போய் அங்கேயே இறந்தார். அந்தக் கிளையில் வந்த மிஷேல் பொனியடோவ்ஸ்கி 1974 முதல் 1977 வரை பிரான்ஸின் உள்துறை அமைச்சர். அதே கிளையில் 1932-இல் பாரிஸில் பிறந்து, சிறுவயதில் போரிலிருந்து தப்பி அம்மாவோடு மெக்சிகோ போனவர் எலெனா பொனியடோவ்ஸ்கா. பத்திரிகையாளராகத் தொடங்கி, 1968 மாணவர் படுகொலையில் பிழைத்தவர்களின் வாய்மொழிகளைத் திரட்டிப் புத்தகமாக்கினார். ஸ்பானிய மொழியின் பெரிய பரிசான செர்வாந்தேஸ் 2013-இல் அவருக்குக் கிடைத்தது. அரசியலில் இடதுசாரி. ஆகவே மெக்சிகோவில் அவருக்குச் சிவப்பு இளவரசி என்று பெயர்.